கலக்கியின் கியர்பாக்ஸுக்கு சர்வீஸ் ஃபேக்டர் எவ்வளவு வைப்பது?

வாசகர் ஒருவர் எழுதியதன் சுருக்கம்: "ஸ்லரி (திடப்பொருள் கலந்த குழம்பு) தொட்டியில் மேலிருந்து தொங்கும் கலக்கி. 15 கிலோவாட் மோட்டார், கியர்பாக்ஸுக்குப் பிறகு நிமிடத்துக்கு 68 சுற்று. 45 டிகிரி சாய்ந்த 4 பிளேடு கொண்ட இம்பெல்லர், விட்டம் 1.3 மீட்டர். தண்டு 3.5 மீட்டர் நீளம், 80 மி.மீ. விட்டம். தொட்டியின் அடியில் தாங்கு பேரிங் கிடையாது. குழம்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,250 கிலோ. 24 மணி நேரமும் ஓட்டம், நாளுக்கு 6 பேட்ச். தொட்டி வடியும்போதும் கலக்கியை நிறுத்துவதில்லை. பழைய கியர்பாக்ஸ் 14 மாதத்தில் போய்விட்டது. புதியதற்கு ஒரு சப்ளையர் சர்வீஸ் ஃபேக்டர் 1.5 என்று கொட்டேஷன் தந்திருக்கிறார். இன்னொருவர் 2.5 தருகிறார். மேனேஜரோ 'எதற்கு வம்பு, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கு' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?" கழற்றிய கியர்பாக்ஸின் படங்களையும் இரண்டு கொட்டேஷன்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த இரண்டு கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சப்ளையர் தரும் கியர்பாக்ஸின் மெக்கானிக்கல் ரேட்டிங் 22.5 கிலோவாட். இரண்டாமவர் தருவது 22 கிலோவாட். அதாவது 2.5 என்று போட்டிருப்பவரின் கியர்பாக்ஸ்தான் இரண்டில் கொஞ்சம் சிறியது!

இது எப்படி? சர்வீஸ் ஃபேக்டர் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே கியர்பாக்ஸ் தாங்கும் திறன், கீழே வேலைக்குத் தேவையான திறன். கீழே எதை வைப்பது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். முதலாமவர் மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள 15 கிலோவாட்டை வைத்தார், 22.5-ஐ 15-ஆல் வகுத்தால் 1.5. இரண்டாமவர் இம்பெல்லர் உண்மையில் இழுக்கும் திறனை வைத்திருக்கிறார். உங்கள் விவரங்களை வைத்து அதை நானும் போட்டுப் பார்த்தேன். திறன் என்பது பவர் நம்பர் (இம்பெல்லரின் வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்), அடர்த்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு ஆகியவற்றின் பெருக்கல். நீங்கள் சொல்லும் வகை இம்பெல்லருக்குத் தடுப்புப் பட்டைகள் உள்ள தொட்டியில் பவர் நம்பர் 1.3-ஐ ஒட்டி இருக்கும். 1.3, 1,250, நொடிக்கு 1.133 சுற்று, 1.3 மீட்டர் என்று போட்டால் 8.8 கிலோவாட் வருகிறது. 22-ஐ 8.8-ஆல் வகுத்தால் அவர் சொல்லும் 2.5.

இருவர் சொல்வதும் கணக்காகப் பிழையில்லை. ஆனால் ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும். மோட்டார் அடிப்படையில் இரண்டாமவருடையது 1.47-தான். இனி எந்த கொட்டேஷன் வாங்கினாலும், சர்வீஸ் ஃபேக்டர் எண்ணுக்குப் பக்கத்தில் "மோட்டார் நேம்பிளேட் அடிப்படையில்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கலக்கிகளுக்கு அந்த அடிப்படையையே நான் கேட்கிறேன். காரணம் எளிமையானது. தொட்டிக்குள் ஏதாவது சிக்கினால் கியர்பாக்ஸுக்கு வரப்போவது இம்பெல்லரின் 8.8 கிலோவாட் இல்லை, மோட்டார் தள்ளக்கூடியது முழுவதும். அப்புறம், ஆலைகளில் நடக்கும் இன்னொரு விஷயம்: அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒரு நாள் யாராவது 15-ஐக் கழற்றிவிட்டு 18.5 கிலோவாட் மோட்டாரை மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு உங்கள் 1.5 சத்தமில்லாமல் 1.22 ஆகிவிடும். கியர்பாக்ஸின் மீது ஒட்டிய தகட்டில் யாரும் எதையும் மாற்றி எழுத மாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சில தயாரிப்பாளர்கள் கியர் பல்லின் வலிமையைக் கணக்கிடும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6336 முறைப்படி பல்லின் பாதுகாப்பு எண் என்று ஒன்று தருவார்கள். பல் மேற்பரப்பின் அழுத்தத்துக்கான எண் 1.25 என்று இருந்தால், அது சர்வீஸ் ஃபேக்டர் 1.25 ஆகாது. மேற்பரப்பு அழுத்தம் சுமையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. ஆகவே அழுத்தத்தில் 1.25 என்பது சுமையில் ஏறக்குறைய 1.56. சிறியதாகத் தெரியும் அந்த எண்ணைப் பார்த்து நல்ல கியர்பாக்ஸைத் தள்ளிவிடாதீர்கள். பல் முறியும் வலிமைக்கான எண் வேறு. அது சுமையோடு நேராகவே போகும்.

சரி, 1.5 போதுமா? அமெரிக்க கியர் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏ.ஜி.எம்.ஏ. நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அட்டவணை, கலக்கிகளைத் தனியாகவே பிரித்துச் சொல்கிறது. நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஓடினால், வெறும் திரவத்துக்கு 1.25, திரவத்தோடு திடப்பொருள் கலந்ததற்கும் அடர்த்தி மாறும் திரவத்துக்கும் 1.5. உங்களுடையது இரண்டாவது வகை. எனவே மோட்டார் அடிப்படையில் 1.5 என்பது சரியான தொடக்கப்புள்ளி. பல் தேய்மானத்துக்கும் பல் முறிவுக்கும் அது நியாயமான இடைவெளி தருகிறது.

ஆனால் உங்கள் பழைய கியர்பாக்ஸ் பல்லால் சாகவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களை நான் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பற்களின் தொடுதடம் நன்றாகவே இருக்கிறது. குழி விழவில்லை, ஓரம் உடையவில்லை. போனது வெளித்தண்டின் (கலக்கியின் தண்டைச் சுழற்றும் கியர்பாக்ஸ் தண்டு) கீழ் பேரிங். அதற்கு முன்பே கீழ் ஆயில் சீல் ஒழுகத் தொடங்கியதாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சர்வீஸ் ஃபேக்டரை 1.5-இலிருந்து 2.5-க்கு ஏற்றினாலும் இந்த நோய்க்கு அது மருந்தாகாது. அந்த எண் முறுக்குவிசையைப் பற்றியது. உங்கள் பேரிங்கைத் தின்றது பக்கவிசை.

கலக்கியை பம்பிலிருந்தும் கன்வேயரிலிருந்தும் வேறுபடுத்துவது இந்தப் பக்கவிசைதான். குழம்பு ஒருபோதும் சீராகச் சுழல்வதில்லை. ஒரு பிளேடுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் எதிர்ப் பிளேடுக்குக் கொஞ்சம் குறைவாகவும் சுமை விழும். அந்த வித்தியாசம் 3.5 மீட்டர் நீளத் தண்டின் நுனியைப் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளுகிறது. தோராயமாக மதிப்பிட ஒரு வழி உண்டு: முறுக்குவிசையை இம்பெல்லர் விட்டத்தால் வகுத்து 0.3-ஆல் பெருக்குவது. உங்கள் 8.8 கிலோவாட்டுக்கு 68 சுற்றில் முறுக்குவிசை 1,236 நியூட்டன்-மீட்டர் (கிலோவாட்டை 9,550-ஆல் பெருக்கி, சுற்றால் வகுத்தால் கிடைப்பது). அதிலிருந்து பக்கவிசை ஏறக்குறைய 285 நியூட்டன்.

285 நியூட்டன் என்பது 29 கிலோ எடை மாதிரி. இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அது 3.5 மீட்டர் நெம்புகோலின் நுனியில் இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் வெளித்தண்டின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் பேரிங்குக்கு விழும் சுமை 3.8-ஐ (3.5-உம் 0.3-உம் சேர்ந்தது) 0.3-ஆல் வகுத்த அளவு, அதாவது 12.7 மடங்கு: 3,600 நியூட்டன். அதே நேரம் தண்டின் நுனி ஒரு செ.மீ. வரை விலகும். ஆயில் சீலின் உதடு இந்த ஆட்டத்தைத்தான் இரவும் பகலும் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறது. சீல் முதலில் ஒழுகியதில் வியப்பில்லை.

இது தொட்டி நிறைந்திருக்கும்போது. வடியும்போது என்ன ஆகிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி. குழம்பின் மட்டம் இம்பெல்லருக்கு இறங்கும் சமயத்தில் ஒரு பிளேடு குழம்பை அடிக்கும், அடுத்தது காற்றை அடிக்கும். பக்கவிசை இரண்டு, மூன்று மடங்கு ஆவது அப்போது சாதாரணம். மூன்று மடங்கு என்றே வைத்துக் கணக்கிடுவோம். ரோலர் பேரிங்கின் ஆயுள் சுமைக்கு நேர் எதிராகக் குறைவதில்லை. சுமையின் 10/3 அடுக்குக்கு எதிராகக் குறைகிறது. சுமை மூன்று மடங்கானால் தேய்மானம் 39 மடங்கு. ஒவ்வொரு பேட்ச்சிலும் 20 நிமிடம் இந்த நிலையில் ஓடுகிறது என்றால், 6 பேட்ச்சுக்கு 2 மணி நேரம். அந்த 2 மணி நேரம் பேரிங்குக்கு 78 மணி நேரத்துக்குச் சமம். மீதி 22 மணி நேரத்தையும் சேர்த்தால், ஒரு நாளில் அது 100 மணி நேர வேலை செய்கிறது. ஐந்து ஆண்டு வர வேண்டிய பேரிங் 14 மாதத்தில் போனதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மேனேஜர் சொல்வதில் ஓர் உண்மை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சைஸ் பெரிய கியர்பாக்ஸை மாட்டிப் பிரச்சினை தீர்ந்த ஆலைகள் நிறைய. பெரிய கியர்பாக்ஸில் வெளித்தண்டு தடிமனாக இருக்கும், பேரிங் பெரிதாக இருக்கும், பேரிங் இடைவெளியும் கூடும். தீர்த்து வைத்தவை அவைதான். பெரிய பல் அங்கே துணைக்கு வந்தது, அவ்வளவே. அதையே நேராகக் கேட்டு வாங்கலாமே. கலக்கிக்கென்று செய்யும் கியர்பாக்ஸ் வகைகளில் வெளித்தண்டின் பேரிங்குகளை வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இடைவெளியை 30-இலிருந்து 60 செ.மீ. ஆக்கினால் கீழ் பேரிங்கின் சுமை 12.7 மடங்கிலிருந்து 6.8 மடங்காகக் குறையும். அதே பேரிங்குக்கு ஆயுள் ஏறக்குறைய 8 மடங்கு. இதே பலனைச் சாதாரண வகையில் சைஸை ஏற்றிப் பெற வேண்டுமென்றால் எத்தனை சைஸ் ஏற வேண்டியிருக்குமோ!

இந்த வகையில் இன்னொரு நல்ல விஷயம், தண்டைச் சுற்றி ஒரு குழாய் எழும்பி நிற்கும், எண்ணெய் அதற்கு வெளியே இருக்கும். சீல் தேய்ந்தாலும் எண்ணெய் தொட்டிக்குள் சொட்டாது. உங்கள் பொருள் எண்ணெய் பட்டால் வீணாகும் வகை என்றால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆகவே சப்ளையருக்கு அனுப்பும் விவரத்தாளில் கிலோவாட், சுற்று ஆகியவற்றோடு நிறுத்தாமல், தண்டின் நுனியில் 285 நியூட்டன் பக்கவிசை தொடர்ச்சியாகவும், அதன் மூன்று மடங்கு நாளுக்கு 2 மணி நேரமும் வரும் என்று எழுதுங்கள். தண்டின் நீளத்தையும் தண்டு, இம்பெல்லர் இரண்டின் எடையையும் சேருங்கள். அந்த எடை முழுவதும் கியர்பாக்ஸில்தான் தொங்கும். அதற்குக் கீழ் பேரிங்கின் எல்-10 ஆயுள் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். எல்-10 என்பது நூறில் தொண்ணூறு பேரிங் தாண்டிவிடும் ஆயுள். 24 மணி நேர ஓட்டத்துக்கு 50,000 மணி நேரத்துக்குக் குறைந்தால் நான் ஏற்க மாட்டேன். பதில் சொல்ல முடியாத சப்ளையர் எவ்வளவு பெரிய சர்வீஸ் ஃபேக்டர் தந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

வடியும் நேரத்தையும் சும்மா விடக்கூடாது. மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) இருந்தால், மட்டம் இம்பெல்லரை நெருங்கும்போது வேகத்தைத் தானாகக் குறைக்கும்படி வையுங்கள். பாதி வேகத்தில் முறுக்குவிசையும் பக்கவிசையும் நாலில் ஒரு பங்கு. அது மூன்று மடங்கு ஆனாலும் முழு வேகத்தில் வழக்கமாக வருவதைவிடக் குறைவு. திடப்பொருள் அதற்குள் படிந்துவிடும் என்று பயந்தால் 70 விழுக்காடு வேகத்தில் ஓட்டுங்கள். அப்போது பக்கவிசை வழக்கத்தின் ஒன்றரை மடங்குக்குள் நிற்கும். ஒன்றை மட்டும் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: பல் சக்கரம் எண்ணெயை வாரியடித்து உயவு தரும் வகையென்றால், எந்த வேகத்துக்குக் கீழே மேல் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேராது என்று.

இனி அடுத்த ஆபத்து. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஸ்லரி என்றதுமே எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இரவு ஷிப்டில் கலக்கியைப் போட்டார்கள். படிவு இம்பெல்லரை மூடியிருந்தது. மோட்டார் திணறி ட்ரிப் ஆனது. மறுபடி போட்டார்கள், மூன்றாவது முறையும் போட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது கியர்பாக்ஸுக்கு ஒரு கீறலும் இல்லை; தண்டு வில்லாக வளைந்திருந்தது.

உங்கள் எண்களை வைத்தே அதைப் பார்க்கலாம். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் இன்டக்‌ஷன் மோட்டார் முழுச்சுமை முறுக்குவிசையின் 2 முதல் 3 மடங்கு வரை தள்ளும். 15 கிலோவாட்டுக்கு 68 சுற்றில் முழுச்சுமை 2,107 நியூட்டன்-மீட்டர். இரண்டரை மடங்கு என்றால் 5,270. கியர்பாக்ஸின் 22.5 கிலோவாட் ரேட்டிங் 3,160-க்குச் சமம். பல கியர்பாக்ஸ்கள் ரேட்டிங்கின் இரண்டு மடங்கைச் சில நொடிகளுக்குத் தாங்கும்படி செய்யப்படுகின்றன, எனவே பல் தப்பிக்கும். ஆனால் படிவில் ஒரே ஒரு பிளேடு மட்டும் மாட்டிக்கொண்டால், அந்த 5,270 முழுவதும் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரே பக்கமாகத் தள்ளும். அது 10,000 நியூட்டனுக்கும் மேற்பட்ட பக்கவிசை. நீங்கள் வைத்திருக்கும் 80 மி.மீ. தண்டால் அதைத் தாங்கவே முடியாது. கியர்பாக்ஸுக்கு 3 சர்வீஸ் ஃபேக்டர் வைத்திருந்தாலும் தண்டு வளைவதை அது தடுக்கப் போவதில்லை.

கியர்பாக்ஸை மட்டும் பலப்படுத்திக்கொண்டே போவதில் எனக்கு உள்ள தயக்கமும் இதுதான். கோர்வையில் ஏதோ ஒன்று முதலில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அது எது என்று நாம் முடிவு செய்யாவிட்டால், தண்டோ இம்பெல்லர் ஹப்போ தொட்டியின் மேல்தட்டோ தாமாகவே முடிவு செய்துவிடும். முதலில் விட்டுக்கொடுப்பது மோட்டார் கன்ட்ரோலாக இருக்கட்டும். வி.எஃப்.டி.யில் முறுக்குவிசை வரம்பை முழுச்சுமையின் 120 விழுக்காட்டில் கட்டிவிடுங்கள். ஒருமுறை ட்ரிப் ஆனால் பூட்டிக்கொள்ளட்டும், மறுபடி போட ஒருவர் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று வையுங்கள். வி.எஃப்.டி. இல்லையென்றால் முறுக்குவிசை கூடினால் நழுவும் கப்ளிங்கைப் போடலாம். நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு, அடியிலிருந்து காற்றையோ திரவத்தையோ செலுத்திப் படிவைக் கலைத்த பிறகே கலக்கியைத் தொடுவது என்பதை ஷிப்ட் நோட்டில் எழுதி வையுங்கள்.

சுமையைக் கண்காணிக்க ஆம்பியரை நம்பாதீர்கள். இன்டக்‌ஷன் மோட்டார் பாதிச் சுமையில்கூடக் காந்தப்புலத்துக்காக நிறைய கரண்ட் எடுக்கும். அதனால் சுமை ஏறி இறங்குவது ஆம்பியரில் மங்கலாகவே தெரியும். கிலோவாட் மீட்டர் வைத்தால் அடர்த்தி 1,250-இலிருந்து 1,400 ஆனால்கூட 12 விழுக்காடு ஏற்றமாகத் தெரிந்துவிடும்.

மேனேஜர் சொல்வதுபோல் 2.0-க்குப் போக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. கெட்டித்தன்மை எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத பிசின் வகைகள், கலக்கி நின்றால் வெப்பம் கட்டுமீறும் வினைகள் ஆகியவற்றுக்கு நானே 2.0 கேட்பேன். உங்கள் தொட்டி அப்படிப்பட்டது இல்லை. அளவுக்கு மீறிப் பெரிதானதற்கும் ஒரு விலை உண்டு: மேல்தட்டின் மீது எடை கூடும், எண்ணெயைச் சும்மா கலக்கும் இழப்பு கூடும், மிகக் குறைந்த சுமையில் ஓடும் ரோலர் பேரிங் உருளாமல் வழுக்கித் தேயும். வெப்ப ரேட்டிங்கை (அளவுக்கு மீறிச் சூடேறாமல் தொடர்ந்து கடத்தக்கூடிய திறன்) மட்டும் தனியாகப் பாருங்கள். அதற்கு சர்வீஸ் ஃபேக்டர் போடத் தேவையில்லை. உண்மையில் ஓடும் கிலோவாட்டும் உங்கள் ஆலையின் சுற்றுப்புற வெப்பமும் போதும். கேட்டலாக் எண் எந்த வெப்பநிலைக்குத் தரப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் மோட்டார் அடிப்படையில் 1.5 உள்ள, பேரிங் இடைவெளி நீண்ட, கலக்கிக்கென்றே செய்த வகையைக் கேட்பேன். மிச்சமாகும் பணத்தை வி.எஃப்.டி.க்கும் மட்டம் அறியும் கருவிக்கும் செலவழிப்பேன்.

ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. பழைய கீழ் பேரிங்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைக் கழுவி, வளையங்களில் ரோலர் ஓடிய தடத்தைப் பாருங்கள். உள்வளையம், வெளிவளையம் இரண்டிலும் தேய்மானம் சுற்றிலும் பரவியிருந்தால், மேலே சொன்ன குழம்பின் பக்கவிசைதான் காரணம். என் கணக்கு அப்படியே பொருந்தும். உள்வளையத்தில் ஒரே பக்கத்தில் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, வெளிவளையம் சுற்றிலும் தேய்ந்திருந்தால், சுமை தண்டோடு சேர்ந்தே சுற்றியிருக்கிறது: தண்டு வளைந்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் சமநிலை தப்பியிருக்கிறது. அந்தத் தண்டிலேயே புது கியர்பாக்ஸை மாட்டினால் அதுவும் போய்விடும். வெளிவளையத்தில் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், குழம்பு ஒரே திசையில் தள்ளுகிறது என்று பொருள். அப்போது தொட்டிக்குள் இறங்கும் உள்வரவுக் குழாய் இம்பெல்லரைப் பார்த்துக் கொட்டுகிறதா, தடுப்புப் பட்டை ஏதாவது கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் எது என்று தெரிந்த பிறகு விவரத்தாளை நிரப்பி அனுப்புங்கள்.